சாப்பிடாமல் வந்தவள்

வடைதான். சந்தேகமே இல்லை. உளுந்து வடை, மிளகு போட்டது, எண்ணெயிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. இவர் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "வண்டி நிறுத்த இடமே இல்ல மங்கை, தெருக்கோடி வரைக்கும் போயிட்டேன்" என்று சொன்ன அந்த ஒரு மூச்சிலேயே தெரிந்துவிட்டது. தில்லைநகரில் சனிக்கிழமை காலையில், டீக்கடை தவிர எதுவும் திறக்காத நேரத்தில், வண்டி நிறுத்த இடம் இல்லையாம். தெருவே காலியாகக் கிடக்கிறது, நான் ஓட்டி வந்த ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்த இவ்வளவு நேரமா? நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் இந்த லேப்பில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் முன்னாலும் கத்திவிடுவேன். எதிரே சுவரில் ஓடுகிற டிவியைப் பார்க்கிறேன், சத்தமில்லாமல் யாரோ கோலம் போடுகிறார்கள். இவரும் டிவியைப் பார்க்கிறார். பார்க்கிற மாதிரி இருக்கிறார், இவருக்குத்தான் இந்தத் தூரத்திலிருந்து ஒன்றும் தெரியாதே. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ரொம்ப மோசம். போன மாசம் உறையூர் கடைவீதியில் படி இருப்பது தெரியாமல் காலை வைத்து விழப் போனவரை ஒரு பூக்காரம்மா பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்துகொள்ளலாம், பத்து நிமிஷ வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று கண் டாக்டர் சொன்னார். ஆனால் சும்மா எடுத்துப் பார்த்த சர்க்கரை கொஞ்சம் கூடவாக இருந்ததால், முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து என்ன ஏது என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஒரு ராத்திரி சாப்பிடாமல் இருந்துவிட்டுக் காலையில் வந்து கையை நீட்ட வேண்டும். இந்த ஒரு வேலைக்கு இது மூன்றாவது சனிக்கிழமை.

முதல் தடவை டீ. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முக்குக் கடைக்குப் போய் டீயும் வர்க்கியும் ஆகிவிட்டது. இங்கே வந்து அந்தப் பெண் கேட்டதும், "டீ எல்லாம் ஆகாரத்துல சேர்த்தியா?" என்று அவளையே திருப்பிக் கேட்டார். பாலும் சீனியும் உள்ளே போனால் சர்க்கரை ஏறும் சார், அந்த அளவை வைத்து டாக்டரால் ஒன்றும் சொல்ல முடியாது என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். இரண்டாவது தடவை நான் பிஸ்கட் டின்னைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். என் வீட்டில், என் புருஷனுக்குப் பயந்து, பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பிஸ்கட் டின். அன்றைக்கு வழியில் பிள்ளையார் கோவிலில் ஒரு நிமிஷம் என்று இறங்கினார். பிரசாதம் பஞ்சாமிர்தம். "சாமி கொடுத்ததை வேணாம்னு எப்படி மங்கை சொல்றது?" சாமியா கொடுத்தது? தொன்னையை நீட்டிய ஐயர் கையையே நக்கியிருப்பார். இன்றைக்கு வடை. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது நிற்க இடமில்லாத கூட்டத்தில் யார் டிக்கெட் எடுக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பாராம், பெருமையாகச் சொல்வார். அவ்வளவு சாமர்த்தியசாலிக்கு வடை தின்றால் வாய் நாறும் என்று தெரியவில்லை. கையைப் பார்க்கிறேன். ஆள்காட்டி விரல் நகத்தின் ஓரத்தில் எண்ணெய் மினுமினுக்கிறது. நான் குனிவது தெரிந்ததும் கையை மடியில் மடக்கி வைத்துக்கொள்கிறார். அறுபது வயது மனுஷன்.

தாகமாக இருக்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. மூலையில் தண்ணீர் கேன் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள், யாரோ டம்ளரில் பிடிக்கும்போதெல்லாம் உள்ளே குபுக் என்று ஒரு குமிழி மேலே போகிறது, எனக்குத் தொண்டையில் போகிற மாதிரி இருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் விளக்கு வைத்த கையோடு இரண்டு இடியாப்பம் சாப்பிட்டேன், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. தண்ணீர்கூட இல்லை. எனக்கு ஒரு பரிசோதனையும் இல்லை, நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்? இவர் சாப்பிடாமல் இருக்கும்போது எதிரே உட்கார்ந்து நான் சாப்பிட்டால் இவர் மனசு அலையும், அதனால். போன இரண்டு வாரமும் அப்படித்தான். மூன்று வெள்ளிக்கிழமையும் ராத்திரியெல்லாம் தண்ணீர்த் தவிப்பு, பானையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இப்போதெல்லாம் தாகம் கொஞ்சம் அதிகம்தான். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பாட்டில் மத்தியான மணி அடிப்பதற்குள் காலியாகிவிடுகிறது, பிள்ளைகள்கூடக் கேலி செய்கிறார்கள், தையல் டீச்சர் தண்ணி லாரி என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. வெயில் அப்படி. வெயிலில் அத்தனை பெண்களுக்கு முன்னால் நின்று கத்தினால் தொண்டை வறளாதா? விரல் நுனி மரத்துப் போகிறது, அது ஊசி பிடித்துப் பிடித்து. எல்லாத் தையல்காரிக்கும் வருவதுதான். நான் ஏன் இப்போது என்னைப் பற்றி நினைக்கிறேன்? இவரைப் பற்றித்தானே நினைக்க வேண்டும். நினைத்தால் ஆத்திரம் வருகிறது. என்னைப் பற்றி நினைத்தால் வருவது வேறு ஏதோ, அதற்கு இப்போது நேரமில்லை.

பெரிய அத்தானுக்குக் கால் எடுத்தது இதே மாதிரி ஒரு சனிக்கிழமையா? இல்லை, அது தை மாசம், பொங்கல் முடிந்து. இவருடைய அண்ணன் கனகசபை, நான் பெரிய அத்தான் என்று கூப்பிடுவேன். சர்க்கரை என்று தெரிந்தே பல வருஷம் ஒன்றும் செய்யாமல் இருந்தார், செருப்பு கடித்த புண் ஆறவில்லை, முதலில் ஒரு விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்கால் வரை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவர் இவர்தான். தினமும் கட்டுப் பிரித்துக் கட்டும்போது நர்ஸுக்குப் பக்கத்தில் நின்று பேசின் பிடிப்பார். வீட்டுக்கு வந்து அந்தக் கையை லைஃப்பாய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். சோறு பிசையமாட்டார், ஸ்பூன் கேட்பார். அதையெல்லாம் பார்த்த மனுஷன் முன்ஜாக்கிரதையாக அல்லவா இருக்க வேண்டும்? முதல் ஆளாக வந்து கையை நீட்ட வேண்டாமா? எனக்கு இதுதான் புரியவில்லை. புரியாததுதான் ஆத்திரம். குடித்துவிட்டு வருகிற புருஷனோடுகூட வாழ்ந்துவிடலாம், அவன் ஏன் குடிக்கிறான் என்று ஊருக்கே தெரியும். இது என்ன, வடை.

"தண்டபாணி சார்" என்று உள்ளேயிருந்து கூப்பிடுகிறாள். ஷம்ஷாத் என்று சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது, அதே பெண்தான், போன இரண்டு தடவையும் எங்களைத் திருப்பி அனுப்பியவள். எங்களைப் பார்த்ததும் சிரிப்பு வருகிறது அவளுக்கு, அடக்கிக்கொள்கிறாள். இவரை நாற்காலியில் உட்காரவைத்து ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னைக்காவது சாப்பிடாம வந்திருக்கீங்களா சார்?" என்கிறாள். இவர் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "இல்லம்மா, ஒண்ணும் சாப்பிடல" என்கிறார். அட பாவி மனுஷா. டீயை ஒத்துக்கொண்டார், பஞ்சாமிர்தத்தை ஒத்துக்கொண்டார், இப்போது பொய்யும் ஆரம்பித்துவிட்டார். நான் சும்மா இருந்துவிடலாமா? சும்மா இருந்தால் இன்றைக்கே ரத்தம் எடுத்துவிடுவாள், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிடலாம், இந்த அலைச்சல் முடியும். ஆனால் வடையோடு சேர்த்து வருகிற அளவைப் பார்த்துவிட்டு டாக்டர் இல்லாத வியாதிக்கு மாத்திரை எழுதினால்? மாத்திரை போட்டு மயங்கி விழுந்தால்? இல்லை, வியாதி இருந்தே, அது வடையால் வந்த எண் என்று நானே சமாதானம் செய்துகொண்டு விட்டுவிட்டால்? ரப்பரைக் கட்டிவிட்டாள். நரம்பைத் தட்டுகிறாள். பஞ்சில் ஸ்பிரிட் வாசனை, அதையும் மீறிக்கொண்டு மிளகு வாசனை. "வடை சாப்பிட்டிருக்காரும்மா" என்கிறேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருக்கிறது, கிளாஸில் கோள் சொல்கிற பிள்ளை மாதிரி. இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷம்ஷாத் ரப்பரை அவிழ்க்கிறாள். "ஏன் சார்?" என்று மட்டும் கேட்கிறாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டுகிறது, துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். இன்னொரு வெள்ளிக்கிழமை ராத்திரி, இன்னொரு இடியாப்பம். ஆனால் அவள் டாக்டர் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல கீழ இன்னொரு டெஸ்டும் எழுதியிருக்காங்க சார், இதுவரைக்கும் நான் கவனிக்கல. மூணு மாசச் சராசரி. அதுக்கு நீங்க பிரியாணியே சாப்பிட்டுட்டு வந்தாலும் ஒண்ணும் இல்ல. மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை எப்படி இருந்துச்சுன்னு அதுல தெரிஞ்சிடும், இன்னைக்குச் சாப்பிட்டது அதை மாத்தாது. அதையாவது இப்ப எடுத்துடலாம், கையை நீட்டுங்க" என்கிறாள். இவர் முகம் வெளுக்கிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே உதடு வெளுத்துப் போகிறது. கையை நீட்டாமல் இடுக்கிக்கொள்கிறார். "அது வேணாம்மா. நான் அடுத்த வாரம் சுத்தமா சாப்பிடாம வரேன்." "அடுத்த வாரம் எதுக்கு? இதுக்குச் சாப்பிடாம இருக்க வேண்டியதே இல்லையே சார்." "அதான்மா வேணாங்கறேன்" என்கிறார். அப்புறம் அவளை விட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார். புரை விழுந்த கண்ணால் என் முகத்தை எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துப் பார்க்கிறார். "சாப்பிட்டுட்டு வந்தா, எவ்வளவு வந்தாலும் அது சாப்பிட்டதால வந்துச்சுன்னு வெச்சுக்கலாம் மங்கை. சாப்பிடாம கொடுத்தா அது எனக்குள்ள இருக்கறது. அண்ணனுக்கும் இப்படித்தான் முதல்ல ஒரு சீட்டு வந்துச்சு." அவ்வளவுதான் சொல்கிறார். மூன்று வாரமாக நான் திருட்டு வாய் என்று திட்டிக்கொண்டிருந்தது இதையா? ஆத்திரம் போய்விட வேண்டும் இப்போது. கதையில் என்றால் போய்விடும். எனக்குப் போகவில்லை. இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே, பூட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நான் அலைந்ததெல்லாம் எதற்கு?

"நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று ஷம்ஷாத் என்னைக் கேட்கிறாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்கிறேன், கொஞ்சம் வீறாப்பாகவே சொல்கிறேன், இவருக்கு உறைக்கட்டும் என்று. "தண்ணி குடிக்கலாம்மா. வெறும் தண்ணி ஒண்ணும் பண்ணாது. அதைக் குடிக்காம ஏன் இருந்தீங்க?" குடிக்கலாமா? மூன்று ராத்திரி. பானையைப் பார்த்துக்கொண்டு மூன்று ராத்திரி. சிரிப்பதா, இந்த மேஜையில் தலையை முட்டிக்கொள்வதா? "உங்களுக்கு இதுவரைக்கும் பார்த்ததே இல்லன்னா நீங்களும் கொடுத்துடுங்களேன், சாப்பிடாமத்தானே இருக்கீங்க." நான் எனக்கு எதுக்கு என்று சொல்வதற்குள் இவர் முந்திக்கொள்கிறார். "அவளுக்கு எடுங்கம்மா. அவ கொடுத்தா நானும் கொடுக்கறேன்." என்ன பேரம் இது? தடுப்பூசி போட வந்த ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா? ஆனால் இதுதான் வழி என்றால் இதுதான் வழி. இவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்து கையை நீட்டுகிறேன். ஊசி எனக்கு ஒரு பொருட்டா, தைக்கும்போது ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்திக்கொள்கிறவள். சிரிஞ்சில் ரத்தம் ஏறுவதை இவருக்குக் காட்டுகிறேன். "பாருங்க, இவ்வளவுதான்." இவர் கிட்டே குனிந்து பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுத்து உட்காருகிறார். கண்ணை இறுக மூடிக்கொள்கிறார். ஊசி உள்ளே போகும்போது என் புடவை முந்தானையைப் பிடித்திருக்கிறார், எண்ணெய் விரலால். இஸ்திரி போட்ட புடவை.

காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன், மூன்றாவதும் குடித்தேன். இவர் இப்போது இலகுவாகிவிட்டார், கொடுத்தாயிற்று இனி என்ன ஆனால் என்ன என்கிற மாதிரி, பக்கத்தில் இருக்கிற பெரியவரிடம் பழைய துறையூர் ரூட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். நான் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வந்துவிட்டால் என்ன செய்வது, அரிசியைக் குறைத்து, சாயங்காலம் சப்பாத்தி, இவருக்குச் சப்பாத்தி இறங்காது, காப்பியில் சீனி இல்லாமல் கொடுத்தால் டம்ளரைத் தள்ளிவைப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் இதை வேறு செய்ய வேண்டும், காலைத் தினமும் பார்க்க வேண்டும், விரலிடுக்கெல்லாம் விரித்துப் பார்க்க வேண்டும், பார்க்கவிடுவாரா? அதற்குள் ஷம்ஷாத் கூப்பிடுகிறாள். இரண்டு தாள். இவருடையதை முதலில் நீட்டுகிறாள். "சாருக்கு அந்த மூணு மாசச் சராசரி கொஞ்சம் எல்லையிலதான் இருக்கு, ஆறு. டாக்டர் பார்த்துச் சொல்வாங்க, ஆனா பயப்படற மாதிரி இல்ல." இவர், "ஆறா?" என்கிறார், "ஆறு நல்லதா கெட்டதா?" என்கிறார், பதில் வருவதற்குள் சிரித்துவிடுகிறார். எனக்கும் அப்பாடா என்று மூச்சு வருகிறது, தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி. அந்த மூச்சு முழுசாக வெளியே போவதற்குள் அவள் அடுத்த தாளைப் பார்க்கிறாள். என்னைப் பார்க்கிறாள். "அம்மா, நீங்க நிச்சயமா ஒண்ணும் சாப்பிடலைதானே? காப்பி, பால், எதுவும்?"

"ஏன், எவ்வளவு?" "நூத்தி எண்பத்தாறு இருக்கும்மா. வெறும் வயித்துல நூறுக்குள்ள இருக்கணும்." யாருடைய தாள் இது, மாறிவிட்டதா, இவருடையதை என் பெயரில் போட்டுவிட்டாளா? மங்கையர்க்கரசி என்று என் பெயர்தான் இருக்கிறது, அவ்வளவு நீளப் பெயர் வேறு யாருக்கு இங்கே இருக்கப் போகிறது. நான் ஒழுங்காக இருந்தவள். வடை தின்னாதவள். தண்ணீர்கூடக் குடிக்காதவள். என் வாய் பேசுகிறது, நான் பேசச் சொல்லவில்லை, அதுவாகவே பேசுகிறது. "மறந்தே போயிட்டேன்மா. காலையில காப்பி குடிச்சேன். சீனி போட்டு. பெரிய டம்ளர்ல." சொல்லி முடித்ததும் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. அது காப்பியின் எண். என்னுடையது இல்லை. ஷம்ஷாத் பேனாவை எடுக்கிறாள், சரி, அடுத்த வாரம் வாங்க என்று எழுதத்தான் போகிறாள், எழுதட்டும். "அவ குடிக்கலம்மா" என்கிறார் இவர். மெதுவாகத்தான் சொல்கிறார். "நேத்து ராத்திரியிலேருந்து கூடவே இருக்கேன். அவ ஒண்ணும் குடிக்கல. அதை அப்படியே எழுதிக்குங்க." திரும்பி இவரைப் பார்க்கிறேன். என் வாழ்நாளில் இந்த மனுஷன்மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை. மூன்று வாரமாக ஊரை ஏமாற்றியவர், இன்றைக்குப் பார்த்து, எனக்குப் பார்த்து, உண்மை.

ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லமாட்டார்களாம். இப்போது போய்ச் சாப்பிட்டுவிட்டு, சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து வந்து இன்னொரு ரத்தம் கொடுக்க வேண்டுமாம். கூடவே அந்த மூன்று மாசச் சராசரியும் எடுத்துவிடுவார்களாம், அப்புறம் டாக்டரிடம் போக வேண்டுமாம். "எப்பவும் என்ன சாப்பிடுவீங்களோ அதையே சாப்பிடுங்கம்மா. பயந்துகிட்டுக் குறைச்சுச் சாப்பிடாதீங்க, சரியாத் தெரியாது." எதிர்ப்பக்கம் ஓட்டலில் உட்கார்ந்திருக்கிறோம். நான் ஒரே ஒரு இட்லி என்றேன், சர்வர் எழுதுவதற்குள் இவர் மூன்று இட்லி, சீனி போட்ட காப்பி என்று மாற்றினார், வீட்டில் நான் சாப்பிடுகிற அதே கணக்கு, இவ்வளவு நாள் என் தட்டைக் கவனித்தவர் என்று எனக்குத் தெரியாது. தட்டு வந்ததும்தான் கத்தினேன். வடையைப் பற்றிக் கத்தினேன். இப்போது போய் வடையைப் பற்றி. பஞ்சாமிர்தம், டீ, பூட்டு, மூன்று வெள்ளிக்கிழமைத் தாகம் எல்லாவற்றையும் சொன்னேன், பக்கத்து மேஜைக்காரர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது இவர், "பயமா இருக்கா மங்கை?" என்றார். தட்டைப் பார்க்கிறேன். ஆவி அடங்கிக்கொண்டிருக்கிறது. முதல் வாய் போட்டால் நேரம் ஓட ஆரம்பித்துவிடும், அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டால் இப்படியே உட்கார்ந்திருக்கலாம், இன்னும் ஒன்றும் ஆகாதவளாக. இவர் தனக்கு ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார். "ஆமா" என்கிறேன். "ம்" என்கிறார். இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போடுகிறேன். இவர் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிறார், கண் தெரியவில்லை, சர்வரைக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்கிறார். நான் மெல்கிறேன். நல்ல பசி. மெத்தென்று, சூடாக, எவ்வளவு நன்றாக இருக்கிறது இந்தப் பாழாய்ப் போன இட்லி.